ஒட்டகம் கிடைத்ததா என்று ஒருவரும் சொல்லவில்லை

புத்தகத்தைப் பற்றி வீடியோ போடுகிறவர்கள் அதை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? கன்னத்தை ஒட்டினாற்போல், அட்டை நம் பக்கம் தெரிய, பல்லும் தெரிய. சோப்பு விளம்பரத்தில் சோப்பைப் பிடிப்பார்களே, அப்படியே. சோப்புக்காரிகளாவது கடைசியில் தேய்த்துக் குளிக்கிறார்கள். இவர்கள் புத்தகத்தைத் திறந்து நான் பார்த்ததில்லை. முகர்ந்து பார்க்கிறார்கள். "புதுப் புத்தகத்தோட வாசனை இருக்கே!" என்று கண்ணை மூடிக்கொள்கிறார்கள். மீன் வாங்க வருகிறவர்கள்கூட முகர்ந்த கையோடு செவுளைத் தூக்கி உள்ளே ஒரு பார்வை பார்ப்பார்கள்.

நான் பத்தாவதில் கணக்கில் போய், மறுபடி எழுதி, மறுபடியும் போனவன். புத்தகம் படிக்கிற ஆள் இல்லை. படிப்பதாக யாரிடமும் சொன்னதும் இல்லை. ஆனால் படிக்காமலே படித்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வது எப்படி என்று எனக்கு நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடத்தில் நான் ஒழுங்காகச் செய்த வேலை அது ஒன்றுதான். அதனால் அந்த முகத்தை எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரிந்துவிடும்.

இவர்கள்மேல் எனக்கு இவ்வளவு இளக்காரம் வந்தது ஒரு ஒட்டகத்தால்.

எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில் அம்மனுக்குக் கூழ் ஊற்றி முடித்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, சென்னையிலிருந்து ஒரு கார் வந்தது. பிள்ளைகளுக்கான புத்தகங்களைப் பாராட்டி வீடியோ போடும் சேனலாம். பேசுவதற்கு ஒரு அக்கா, கேமராவுக்கு ஒரு பையன், ஒரு பெட்டி நிறையக் கதைப் புத்தகம். 'கடலோரக் குழந்தைகளும் கதைகளும்' என்று எடுக்க வந்திருந்தார்கள். நான் வெறும் உடம்போடு, லுங்கியை மடித்துக்கட்டி, படகுக்குப் பக்கத்தில் கிழிந்த வலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைக் கேட்காமலே என் வலைமேல் புத்தகங்களைப் பரப்பினார்கள்.

பிள்ளைகளைப் பிடித்துப் படகில் உட்கார வைத்தார்கள். ஒரு பையன் திருவிழாவுக்கு எடுத்த புதுச் சட்டையோடு வந்திருந்தான். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை.

"தம்பி, அந்தச் சட்டைய கழட்டிடேன்."

"ஏங்க்கா? புச்சுக்கா. நேத்துதான் போட்டேன்."

"அதான் கண்ணா. ரொம்ப பளபளன்னு இருக்கு. கழட்டினா நேச்சுரலா இருக்கும்."

"மேடம், நான் ஏற்கெனவே நேச்சுரலாத்தான் குந்திகினு கீறேன். இன்னும் வேணும்னா லுங்கிதான் பாக்கி" என்றேன். கேமராப் பையன் சிரித்துவிட்டு உடனே அடக்கிக்கொண்டான். அக்கா சிரிக்கவில்லை.

என் தங்கச்சிக்கும் ஒரு புத்தகம் கொடுத்திருந்தார்கள். ஏழாவது படிக்கிறாள். எதைக் கொடுத்தாலும் படிப்பாள். பஜ்ஜி மடித்து வந்த காகிதத்தைக்கூட எண்ணெயோடு படிப்பாள். அவள் தலையைக் குனிந்தவள்தான், நிமிரவில்லை.

"பாப்பா, இங்க பாரு. கீழ பாக்காத."

"படிக்கச் சொன்னீங்களேக்கா."

"படிக்கிற மாதிரிடா செல்லம். மாதிரி."

"படிச்சிகினுதானே கீறேன்?"

அக்கா கேமராப் பையனைப் பார்த்தாள். அவன் கேமராவைச் சட்டை கழற்றிய பையன் பக்கம் திருப்பினான். அந்தப் பையன் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தான். சொல்லலாம் என்று வாயெடுத்தேன். "அப்படியே இருக்கட்டும், க்யூட்டா இருக்கு" என்றாள் அக்கா.

படம் எடுத்து முடித்ததும் புத்தகங்கள் எல்லாம் பெட்டிக்குள் திரும்பிப் போயின. என் தங்கச்சி மட்டும் விடவில்லை. ஒரு பக்கம் அவள், இன்னொரு பக்கம் அக்கா, நடுவில் புத்தகம். கேமராவை இன்னும் அணைக்காததால் அக்காவுக்கு வேறு வழியில்லை. சட்டென்று முகத்தை மலர்த்திக்கொண்டு, "இது உங்க எல்லாருக்கும் எங்களோட அன்புப் பரிசு!" என்றாள். பிள்ளைகள் கை தட்டினார்கள். கார் போய்விட்டது.

எல்லாருக்கும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எங்கள் குப்பத்தில் எல்லாருக்கும் என்று சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பங்கு.

கரையில் மீனைப் பங்கு போடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மீனைச் சமமாகக் கூறு கட்டுவார்கள். ஆளுக்கு ஒரு பொருள், கிளிஞ்சலோ குச்சியோ பீடித்துண்டோ, கொடுப்பார்கள். எது யாருடையது என்று தெரியாத ஒருவன் வந்து ஒவ்வொரு கூறின்மேலும் ஒன்றை வைப்பான். உன் பொருள் எந்தக் கூறில் இருக்கிறதோ அது உன் பங்கு. அதற்குமேல் பேச்சே கிடையாது.

பிள்ளைகள் அதைத்தான் செய்தார்கள். என் கத்தியை வாங்கி, புத்தகத்தின் அட்டையைத் தனியாகக் கழற்றி, தையலை அறுத்து, கிழியாமல் கட்டுக் கட்டாகப் பிரித்து, மணலில் வரிசையாக வைத்தார்கள். ஒரு கட்டில் படம் அதிகமாக இருக்கிறது என்று சண்டை வந்தது. அதில் ஒரு தாளை எடுத்துப் பக்கத்துக் கட்டில் சேர்த்தார்கள். பொருள் வைக்க என்னைக் கூப்பிட்டார்கள். சோடா மூடி, கிளிஞ்சல், ரப்பர் பேண்டு, யாருடைய பல்லோ ஒன்று. வைத்தேன். இவ்வளவு நேர்மையாக ஒரு புத்தகத்தை எந்த லைப்ரரியிலும் பிரித்திருக்க மாட்டார்கள்.

தங்கச்சிக்கு நடுவில் ஒரு கட்டு விழுந்தது. கடைசிக் கட்டு, திருவிழாவுக்காகப் பக்கத்து வீட்டுக்கு வந்திருந்த சுண்ணாம்புக்குளத்துப் பெண்ணுக்கு விழுந்தது. அவளும் இவள் வயதுதான். அன்று சாயங்காலமே கட்டைப் பாவாடையில் செருகிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள்.

அடுத்த சில நாட்களில் தங்கச்சி மற்றப் பிள்ளைகளிடம் தன் கட்டைக் கொடுத்து அவர்கள் கட்டை வாங்கி, ஒவ்வொன்றாகப் படித்துவிட்டாள். பாலைவனத்தில் ஒரு பெண் ஒரு ஒட்டகத்தைக் குட்டியிலிருந்து வளர்க்கிறாள். மழையில்லாத வருஷத்தில் அவள் நைனா அதை ஒரு வியாபாரிக்கு விற்றுவிடுகிறார். அவள் யாருக்கும் சொல்லாமல் அதைத் தேடிக் கிளம்புகிறாள். மணல் புயல் வருகிறது. அதோடு கட்டு முடிகிறது.

அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சில்லை.

"ண்ணா, ஒட்டகம் கெட்ச்சிருக்குமா?"

"கெட்ச்சிருக்கும். பிரியாணிக் கடைல."

கரண்டி பறந்து வந்தது. அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை, சோறும் சரியாகச் சாப்பிடவில்லை. நைனா என்னை முறைத்தார். "அவகிட்ட இன்னாடா சொன்ன? ஏன் இப்பிடி மூஞ்ச தூக்கி வச்சிகினு கீறா?"

"ஒட்டகம் காணாம பூட்ச்சு நைனா."

"யாரு ஒட்டகம்?"

பக்கத்து வீட்டில் நம்பர் வாங்கிச் சுண்ணாம்புக்குளத்துக்குப் போன் போட்டோம். அந்தப் பெண்ணுக்கு வேறு கவலை. "எனக்கு முன்னாடி இன்னா நடந்துச்சுனே தெர்ல. யார் இந்த ஒட்டகம்னு கூடத் தெர்ல. நீ நேர்ல வந்து மொதல்லேர்ந்து சொல்லு. அப்பால என் பங்க காட்றேன். போன்ல சும்மா கேட்டுக்குனு போலாம்னு பாக்குறியா?"

நியாயமான பேச்சு. ஆனால் ஒரு ஒட்டகத்துக்காக நடுவில் கிடக்கிற ஏரியைச் சுற்றிக்கொண்டு அவ்வளவு தூரம் வண்டி ஓட்ட எனக்குச் சோம்பல். பொன்னேரிக்கு இன்ஜின் சாமான் வாங்கப் போனபோது புத்தகக் கடையில் கேட்டேன். கடைக்காரர் பத்தாம் வகுப்பு கணக்கு கைடை எடுத்து வைத்தார். எதைப் பார்த்து ஓடி வந்தேனோ அது.

அப்போதுதான் போன் ஞாபகம் வந்தது. "உலகத்துல இருக்குற எல்லாமே இதுல கீதுடி. ஒட்டகம் இல்லாம பூடுமா?" என்று தேடிக் கொடுத்தேன். அந்தப் புத்தகத்தைப் பற்றி வீடியோக்கள் கொட்டிக் கிடந்தன. தங்கச்சி என்னோடு மறுபடி பேச ஆரம்பித்தாள்.

முதல் வீடியோவில் ஒரு அம்மா. பின்னால் சீரியல் லைட்டு, அலமாரியில் புத்தகங்கள் நிறம் நிறமாக, சிவப்பு ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம். கருவாட்டைக்கூட ஜாதி பார்த்துத்தான் பிரிப்போம், நிறம் பார்த்து யார் பிரிப்பார்கள்? அவர் பார்சலைப் பிரித்தார், முகர்ந்தார், அட்டையைத் தடவினார், நெஞ்சோடு அணைத்தார். கடைசியில், "முடிவை நான் சொல்ல மாட்டேன், நீங்களே படிச்சுத் தெரிஞ்சுக்கோங்க" என்று கண்ணடித்தார். அடுத்ததில் தாடி வைத்த ஒருவர். இந்தக் கதை தன் வாழ்க்கையையே மாற்றிவிட்டது என்றார். எப்படி மாறியது என்று சொல்லவில்லை. ஒட்டகத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. அடுத்ததில் ஒரு காலேஜ் பையன் பின்னட்டையில் இருப்பதை அப்படியே ஒப்பித்தான். பின்னட்டை எங்கள் குப்பத்திலும் ஒருவன் பங்கில் இருந்ததால் தங்கச்சி உடனே கண்டுபிடித்துவிட்டாள்.

"ண்ணா, இவன் பின்னாடி எழுதியிருக்கிறத படிக்கிறாண்ணா!"

"ஸ்கூல்ல என் டெக்னிக் அது. எங்க கத்துகினானோ."

அவள் ஒன்றையும் தள்ளிவிடாமல், விளம்பரத்தைக்கூட விடாமல் பார்த்தாள். எந்த நிமிஷத்தில் ஒட்டகம் வந்துவிடுமோ என்று கழுத்தை நீட்டிக்கொண்டு. கதையைத் தொட்டவர்கள் எல்லாரும் புயல் வரைக்கும் வந்து நின்றுவிட்டார்கள். எல்லாரும் அதே இடத்தில் கண்ணடித்தார்கள். எனக்கே எரிச்சல் வந்து ஒவ்வொரு வீடியோவுக்குக் கீழும், 'ஒட்டகம் கிடைச்சுதா?' என்று எழுதினேன். பதிலுக்கு இதயம் போட்டார்கள். கும்பிடு போட்டார்கள். ஒருவர், 'உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, மறக்காமல் பெல் பட்டனை அழுத்தவும்' என்று எழுதினார். அழுத்தினேன். ஒட்டகம் வரவில்லை.

அதற்குள் எங்கள் குப்பத்தில் எடுத்த வீடியோவும் வந்தது. ட்ரோனில் கடல், சோகமாகப் புல்லாங்குழல், சட்டையில்லாத பையன், தலைகீழ்ப் புத்தகம். 'வாழ்வில் முதன்முறையாகப் புத்தகத்தைத் தொடும் கைகள்' என்று எழுத்து. அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரன் தினமும் முதுகு வளைய மூட்டை தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறான். அந்த மூட்டையில் என்ன இருக்கிறது என்று நினைத்தார்களோ, ஐஸ் கட்டியா? உண்மையாகப் படித்துக்கொண்டிருந்த ஒரே ஆள் என் தங்கச்சி. அவளை வெட்டிவிட்டிருந்தார்கள்.

அவள் அதற்கெல்லாம் அழவில்லை. அந்த அக்கா நேரலையில் வந்து கேள்விக்குப் பதில் சொல்லப் போகிறாள் என்று போட்டிருந்ததைத்தான் பார்த்தாள். "அந்த அக்காதான் புக்க குட்த்துச்சு. அதுக்கு நிச்சயமா தெரியும்ண்ணா."

நேரலை தொடங்கியதும் தங்கச்சி சொல்லச் சொல்ல எழுதினேன். பயந்துபோய் மரியாதையாகச் சொன்னாள்: 'அக்கா, எங்களிடம் கடைசிப் பக்கங்கள் இல்லை. ஒட்டகம் கிடைத்ததா, இல்லையா? தயவுசெய்து சொல்லவும்.' அக்கா அதைச் சத்தமாகப் படித்தாள். தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாவ், எவ்ளோ அழகான கேள்வி!" என்றாள் அக்கா. மேலே பார்த்தாள், பக்கத்தில் பார்த்தாள், கழுத்துச் சங்கிலியைத் தடவினாள். அந்த முகத்தை எனக்குத் தெரியும். வாத்தியார் கேள்வி கேட்டு எழுப்பி நிறுத்தினால் என் முகம் அதுதான். "ஆக்சுவலா, அந்த ஒட்டகம் எங்கயும் போகல. அது நம்ம ஒவ்வொருத்தருக்குள்ளயும் இருக்கு."

தங்கச்சி என் கையை விட்டாள்.

'உள்ளே இருக்கிறது என்றால் வெளியே எப்போது வரும்? தீனி போடலாமா?' என்று எழுதினேன். அவ்வளவுதான், என்னைத் தூக்கி வெளியே போட்டுவிட்டார்கள். அந்தச் சேனலில் இன்றுவரைக்கும் என்னால் ஒரு எழுத்து எழுத முடியாது.

"அந்த அக்கா படிக்கலண்ணா" என்றாள் தங்கச்சி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஊரில் யாரோ செத்துப்போனதைச் சொல்வதுபோல் சொன்னாள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. "கெளம்பு" என்றேன்.

சுண்ணாம்புக்குளத்தில் அந்தப் பெண் வீட்டுக்கு முன்னால் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. அவள் கையில் நீளக் குச்சியோடு காக்கா விரட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும், "வந்துட்டியா? மொதல்லேர்ந்து சொல்லு" என்றாள். வா என்றுகூடச் சொல்லவில்லை.

தங்கச்சி கவிழ்த்துப் போட்ட மீன் கூடைமேல் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். ஒட்டகம் பிறந்ததிலிருந்து. அது எப்படி எழுந்து நின்றது என்று தானே எழுந்து நின்று தள்ளாடிக் காட்டினாள். வியாபாரியின் குரல் எங்கள் ஏலக்காரர் குரலாக இருந்தது. நான் போனை எடுத்தேன்.

"ண்ணா, வீடியோ கீடியோ எடுத்த, புடுங்கி ஏரில போட்ருவேன்."

உள்ளே வைத்துவிட்டேன்.

புயலில் வந்து நிறுத்தினாள். அந்தப் பெண் குச்சியை என்னிடம் நீட்டிவிட்டு உள்ளே ஓடி, கட்டை எடுத்து வந்து கொடுத்தாள். தங்கச்சி நின்றபடியே படித்தாள். கடைசித் தாளைப் படித்துவிட்டு மறுபடி அதையே படித்தாள்.

"கெட்ச்சுதாடி?" என்றேன். என்னால் அடக்க முடியவில்லை.

"கெட்ச்சுது. ஆனா வர்லண்ணா. அதுக்கு அங்க குட்டி பொறந்துகீது. அவ கைய மோந்து பாத்துட்டு குட்டிகிட்டயே பூட்ச்சு. இவ தனியா ஊட்டுக்கு வரா." சொல்லும்போதே அவளுக்கு மூக்கு விடைத்தது. "இன்னா ஒட்டகம் அது? வளத்தவ புயல்ல வந்து நிக்கிறா!"

"அப்ப குட்டிய உட்டுட்டு வர சொல்றியா?" என்றாள் அந்தப் பெண்.

"குட்டியையும் இட்டாரலாம்ல?"

"அதெப்டி? ஒட்டகத்த வித்தாச்சு. வித்தப்பறம் போட்ட குட்டி வியாபாரியோட பங்கு."

"வளத்த கூலி இல்லியா அவளுக்கு? வல குடுத்தவனுக்கே தனியா ஒரு பங்கு கீது!"

"வலயும் ஒட்டகமும் ஒண்ணா? வலயா குட்டி போடுது?"

இரண்டு பேரும் கத்தினார்கள். ஒருத்தி தாளைத் தட்டிக் காட்டினாள், ஒருத்தி மணலில் கோடு போட்டுக் கணக்குச் சொன்னாள். "யண்ணா, நீ சொல்லு, குட்டி யாருக்கு?" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். எனக்கு எங்கே தெரியும், நான் படித்தேனா? "படிக்காம சொல்லக்கூடாது" என்றேன். அதைக் கேட்க அவர்களுக்குப் பொறுமையில்லை, மறுபடி தொடங்கிவிட்டார்கள்.

வெயில் ஏறிவிட்டது. எனக்குப் பசி. குச்சி என் கையில்தான் இருந்தது. கேட்டுக்கொண்டே நின்றதில் ஒரு காக்கா பெரிய துண்டாகப் பார்த்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. உள்ளேயிருந்து அந்தப் பெண்ணின் அம்மா கத்தினாள், "யாருடா அவன், குச்சிய கைல வச்சிகினு மெய்மறந்து நிக்கிறவன்?"