பச்சையாகவே பழுத்த மாண்டரின்

பழமரம் வளர்க்கும் தொழிலில் மரத்தோடு படும் பாடு கொஞ்சம். மரத்தைப் பார்க்க வருகிறவர்களோடு படும் பாடுதான் அதிகம். ஒரு செடியையாவது நட்டுவிட்டு, "இன்னும் காய்க்கலையா?" என்ற கேள்விக்குப் பயந்து வேலிப்பக்கம் போகாமல் இருந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்று, வீட்டில் தனியாக உட்கார்ந்து கூரை மழையைக் கேட்டுக்கொண்டிருந்த என்னை, கஹவத்தைக்கு மேலேயுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்து மேலாளர், பெரிய துரை, கூப்பிட்டனுப்பினார். தேயிலை பட்டுப்போன நாலு ஏக்கர் சரிவில் மாண்டரின் ஆரஞ்சு போடப் போகிறார்களாம். கன்றுகளைப் பார்த்து எழுதி வைக்க ஆள் வேண்டுமாம். கொழுந்து வேலை இல்லாமற்போன பதினொரு பெண்களுக்கும் அங்கே வேலை கிடைக்கும். நிபந்தனை ஒன்றுதான். முதல் காய்ப்பை ஒரு பழ வியாபாரி எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் மரங்களைப் பிடுங்கிவிட்டுக் கறுவா, அதாவது இலவங்கப்பட்டை, நடுவார்கள். கறுவாப் பட்டை உரிக்க வெளியிலிருந்து பழகிய ஆட்கள் வருவார்கள். பதினொரு பேருக்கும் அதில் இடமில்லை.

பனி தாங்கும் கன்று

கன்றுகள் லொறியில் வந்து இறங்கின. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சீட்டு. மற்ற மாண்டரினுக்கு முன்னால் பழுக்கும், உறைபனியையும் தாங்கும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கொழும்பில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து இந்த இனத்தைத் தேர்ந்தெடுத்தவருக்கு அந்த இரண்டாவது குணம் மிகவும் அவசியமாகப் பட்டிருக்க வேண்டும்.

இறக்கி முடித்த செல்லையா கங்காணி, வேர்வையில் நனைந்த சட்டையைக் கழற்றிப் பிழிந்தார். சீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார். வாசித்துச் சொன்னேன். ஆகாயத்தைப் பார்த்தார், கன்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"குளிரு தாங்குறது வந்திருச்சுங்க டீச்சர். வெயிலு தாங்குறது எந்த லொறியில வருதாம்?"

இரண்டு இலையும் ஒரு கொழுந்தும்

நட்ட ஆறாம் மாதம் கன்றுகள் தளிர்விட்டன. இளம்பச்சை, தொட்டால் ஈரம் ஒட்டும் போலிருந்தது. மறுநாள் புல் பிடுங்க ராசம்மாவை அனுப்பினேன். பதினொரு பேரில் ஒருத்தி, இருபத்தெட்டு வருஷம் தேயிலைக் கொழுந்து பறித்தவள். மத்தியானம் போய்ப் பார்த்தால் புல் அப்படியே நின்றது. ஒன்றரை வரிசைக் கன்றுகளுக்கு மட்டும் தலையில்லை. ராசம்மாவின் மடியில் இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாக, ஒரே அளவில், அழகாகக் கிள்ளிய தளிர்கள்.

அவள் தன் விரல்களை யாரோ அந்நியரைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு மாதத்தில் அந்த ஒன்றரை வரிசைதான் பக்கக் கிளை விட்டுக் குடைபோல் விரிந்தது. உதவி மேலாளரான சின்ன துரை வந்து பார்த்துவிட்டு, கிளை பழக்கும் முறை சிறப்பாக இருக்கிறதென்று என் பெயரைப் போட்டு அறிக்கை எழுதிப் போனார். ராசம்மாவிடம் சொன்னேன்.

"அப்ப மிச்ச வரிசையையும் கிள்ளிரட்டுங்களா?"

அதிகாரி மெச்சிய மரம்

எங்களுடையதைப் போன்ற ஒட்டுமரத்துக்கு இரண்டு பிறப்பு. மேலே இனிப்பான மாண்டரின். அதைத் தாங்கும் அடிமரம் வேறு சாதி, முள்ளும் புளிப்புமானது. ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை உடனே கிள்ளாவிட்டால் அடிமரம் வீட்டைப் பிடித்துக்கொள்ளும். ஓரத்து மரமொன்றில் நாங்கள் அதைக் கவனிக்கவில்லை. மேலே இருந்தது வாடிக் காய்ந்து, கீழே இருந்தது ஆளுயரத்துக்கு எழும்பி நின்றது.

அந்தக் கிழமைதான் ஓர் அதிகாரி பார்வையிட வந்தார். நூற்றுக்கணக்கான மரங்களைத் தாண்டிப் போய், நேராக அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். எல்லா மரமும் இப்படி வரவேண்டும் என்று புத்திமதியும் சொன்னார். உண்மையைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் ஜீப் புறப்பட்டுவிட்டது. கங்காணி கிளை வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னார்:

"விடுங்க டீச்சர். ஆபீசுல முள்ளுதான் சீக்கிரம் உசரும்."

முதலில் தெரிந்துகொண்டவர்கள்

மூன்றாம் வருஷம் காய்த்தது. காய் பருத்தது, தோல் நெகிழ்ந்தது, உரித்தால் சுளை தேன்போல் இருந்தது. நிறம் மட்டும் பச்சை. இந்தப் பழத்தின் தோலில் செம்மஞ்சள் ஏற இரவுகள் நன்றாகக் குளிர வேண்டும். எங்கள் இரவுகளுக்கு நனையத் தெரியும், குளிரத் தெரியாது. குளிரைத் தாங்குவதற்கென்றே பிறந்த மரம் எங்கள் சரிவில் குளிருக்காக ஏங்கி நின்றது.

பெரிய துரை ஒவ்வொரு திங்கட்கிழமையும் வந்தார். "இன்னும் பழுக்கலையே" என்றார். பழுத்துவிட்டது என்றேன். எனக்குக் கண் மங்கிவிட்டதென்று நினைத்திருப்பார்; அடுத்த திங்கள் பார்க்கலாம் என்றார். அதற்குள் காட்டிலிருந்து குரங்குகள் குடும்பம் குடும்பமாக வந்து, பக்குவமானதாகப் பார்த்து உரித்துத் தின்ன ஆரம்பித்தன. தகரம் தட்டிக் கத்தி விரட்டியே ராசம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அந்தத் தொண்டையோடு சொன்னாள்:

"கொரங்குக்கே தெரிஞ்சிருச்சு. தொரைக்குத்தான் தெரியல."

முதலாளி வந்தார்

இரத்தினபுரியிலிருந்து பழ வியாபாரம் செய்யும் ஒரு முதலாளியைத் துரையே கூட்டி வந்தார். பதினொரு பெண்களும் சீலையைத் திருத்திக்கொண்டு வரிசையோரம் நின்றார்கள். முதலாளி ஒரு பழத்தை உரித்துத் தின்றார். இன்னொன்று. நின்ற இடத்தில் ஐந்து தின்றார். மகளுக்கென்று இரண்டைக் காற்சட்டைப் பையில் போட்டார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "ரச நம் ஹொந்தாய். பாட்ட நே" என்று சிங்களத்தில் சொன்னார். ருசி நல்லதுதான், நிறம் இல்லையாம். கடையில் மாண்டரின் என்றால் சனம் செம்மஞ்சளைத்தான் தேடுமாம்.

பெண்களுக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள் என்னைவிட நன்றாகச் சிங்களம் பேசுகிறவர்கள். துரை என் முகத்தைப் பார்க்காமல் மரங்களைப் பார்த்தபடி சொன்னார்:

"அடுத்த மாசம் பிடுங்கிருவோம், டீச்சர். கறுவாக் கன்னுக்குச் சொல்லிட்டேன்."

உரித்து வைத்த கடை

பிடுங்கப் போகிற மரத்துப் பழத்தை என்ன செய்வதென்று கேட்டேன். "என்னவும் செய்யுங்க" என்றார் துரை. ராசம்மா அதை உத்தரவாக எடுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை பதினொரு பேரும் கொழுந்துக் கூடையில் பழத்தைக் கட்டிக்கொண்டு கஹவத்தை பஸ் நிலையத்தில் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு குவியலின் மேலும் உரித்து விரித்த ஒரு பழம். "வாங்க வேணாங்க, ஒரு சொளை தின்னுட்டுப் போங்க" என்று தமிழிலும் சிங்களத்திலும் கூவினார்கள். தின்றவர் யாரும் சும்மா போகவில்லை. பத்து மணி பஸ் வருவதற்குள் கூடைகள் காலி. அடுத்த ஞாயிறும் அப்படியே.

மூன்றாம் ஞாயிறு முடிந்த மறுநாள் முதலாளியின் லொறி தானாக மலையேறி வந்தது. கடைக்கு வருகிற சனம் இப்போது பச்சை மாண்டரின்தான் கேட்கிறதாம். மரத்திலிருந்த அவ்வளவையும் எடுத்தார். துரை தொண்டையைச் செருமி, கறுவாவை நிறுத்திவைத்து இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாம் என்றார். லொறிப் பக்கம் போன முதலாளி திரும்பி வந்து, தமக்குத் தெரிந்த தமிழில் விரலை ஆட்டி எச்சரித்தார்:

"டீச்சர், அடுத்த தடவையும் பச்சைதான் வேணும். செவந்து போச்சுன்னா நம்ம ஊர்ப் பழம்னு ஒருத்தனும் நம்ப மாட்டான்!"

பிடுங்கச் சொன்ன மரத்தை இன்னும் ஒரு வருஷம் பிடுங்காதே என்று சொல்ல வைப்பதைத்தான் எங்கள் தொழிலில் அமோக விளைச்சல் என்கிறோம்.