சேலையூரில் ஒரு ரீப்பர் பந்தல்

ஞானஜோதி தாம்பரம் சானடோரியத்தில் நர்ஸ். காசநோய் வார்டில் பல வருஷம் வேலை பார்த்தவர். அதே வார்டில் நோயாளியாகப் படுத்திருந்து, குணமாகி வெளியே வந்த தயாளனைத்தான் 1965-ல் கல்யாணம் செய்துகொண்டார். ஜோதி வீட்டார் யாரும் வரவில்லை. பாதிரியாரும் கூட வேலை பார்த்த நர்ஸுகளும் வந்தார்கள். அது போதும் என்று நினைத்தார்.

தயாளன் மார்க்கெட் பக்கம் ஒரு இன்ஸ்டிடியூட்டில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தார். நாலு வருஷம் கழித்து சேலையூரில் சின்னதாக வீடு கட்டிக் குடிவந்தார்கள். வந்த கொஞ்ச நாளிலேயே ஒன்று தெரிந்துபோயிற்று. தெருவில் எல்லோரும் நன்றாகத்தான் பேசினார்கள், ஆனால் கேட்டுக்கு வெளியே நின்றபடி. எதிர்வீட்டுக் கங்கையம்மாள் கறிவேப்பிலை கேட்டு வந்தால்கூட, கேட்டுக்கு மேலே கையை நீட்டி வாங்கிக்கொண்டு போய்விடுவாள்.

"உள்ள வாங்களேன், ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போகலாம்."

"அடுப்புல சோறு கீதும்மா."

எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் அவள் அடுப்பில் சோறு இருந்தது. தயாளனுக்குக் காரணம் புரிந்தது. அதைப் பற்றி அவர் பேசுவதில்லை.

மேற்குப் பார்த்த வீடு. மத்தியானத்துக்கு மேல் வாசலில் நிற்க முடியாது. பந்தல் போடலாம் என்று முடிவானது. மேலே என்ன போடுவது என்பதில்தான் தகராறு.

"ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டு, மூணு பக்கமும் அடைச்சிட்டா ஒரு ரூம் மாதிரி ஆயிடும். ஆயுசுக்கும் கவலையில்ல" என்றார் தயாளன்.

"வேணாங்க. நாலு மரத்தூண், மேல இடைவெளி விட்டு ரீப்பர் கட்டைங்க. சுத்தியும் திறந்தே இருக்கட்டும். கொடி ஏத்திக்கலாம்."

"எதுக்கு அப்படி?"

ஜோதி தயங்கினார். "காத்தோட்டமா இருந்தா ஜனங்க பயப்படாம உக்காருவாங்க."

தயாளன் முகம் சுண்டிப்போயிற்று. "எனக்கு இப்ப வியாதி இல்ல ஜோதி."

"எனக்குத் தெரியும். அதுக்காக உங்க எக்ஸ்ரேயைத் தெருவெல்லாம் காட்டிக்கிட்டு இருக்க முடியுமா?"

"அப்போ பந்தல் நமக்கா, அவங்களுக்கா?"

"நமக்குத்தான். நமக்கு மனுஷங்க வேணும்."

மறுநாள் காலையில், "தூணுக்கு நல்ல மரமாப் பாரு" என்று மட்டும் சொன்னார் தயாளன்.

இடித்த வீட்டு மரம் விற்கும் கடையில் நாலு தேக்குத் தூண்கள் கிடைத்தன. தச்சர் லோகு அவற்றின் அடியில் கரையான் ஏறாமல் தார் பூசி, குழியில் நிறுத்தி, ஜல்லி போட்டு இறுக்கினார். குறுக்குச் சட்டங்களை ஏற்றி, அவற்றின் மேல் ரீப்பர்களைத் தட்டையாகப் பரப்பினார். மூன்று மணிக்கு வெயில் அத்தனை இடுக்கிலும் புகுந்து வாசலில் கொட்டியது.

"இன்னா சிஸ்டர் இது, பந்தல் போட்டும் வெயில் அப்டியே கீது!" என்றார் லோகு.

ஜோதி அண்ணாந்து பார்த்தார். அதுவரை உள்ளேயே இருந்த தயாளன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, பந்தலுக்கு நடுவில் உட்கார்ந்தார்.

"ஒரு ரீப்பரை மட்டும் வடக்கு தெற்கா வச்சு, விளிம்புல நிக்கிற மாதிரி குத்தா நிமித்துங்க."

லோகு நிமிர்த்தினார். பட்டையாக ஒரு நிழல் தயாளன் மடியில் விழுந்தது.

"அதேதான்! அடுத்ததை இன்னும் நெருக்கி வைங்க!"

அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி ஜோதி கேட்டதேயில்லை. சத்தம் கேட்டுத் தெரு எட்டிப் பார்த்தது. கங்கையம்மாள் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளேயே வந்துவிட்டாள்.

"இன்னா சார், நிழலப் புடிச்சிக் கட்டிகினு கீறீங்களா?"

அன்றைக்குத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றதோடு சரி. அடுத்த வாரம் உட்கார்ந்தாள். ரங்கூன் மல்லிக் கொடி மேலேறிப் பூவிட்ட சமயத்தில் காபி டம்ளரை வாங்கிக் குடித்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். அரிசி புடைக்க, பூக்கட்ட, சும்மா உட்கார என்று சாயங்காலம் பந்தலில் கூட்டம்தான்.

ஐப்பசியில் ஒரு நாள் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. ரீப்பர் இடுக்கில் ஊற்றிய தண்ணீரில் எல்லோரும் நனைந்தபடி எழுந்து ஓடினார்கள். கங்கையம்மாள் எதிரே இருந்த தன் வீட்டுக்குப் போகவில்லை. ஜோதி வீட்டுக்குள்தான் ஓடினாள். கூடவே மற்றவர்களும். உள்ளே துணிக்கொடியில் கிடந்த துண்டை அவளே எடுத்துத் தலையைத் துவட்டிக்கொண்டாள். வாசற்படியில் நின்ற தயாளன் வழிவிட்டு ஒதுங்கி, சுவரில் சாய்ந்துகொண்டார். காபி போடப் போன ஜோதி, அடுப்பில் பால் பொங்கி வழிவதைக்கூடக் கவனிக்கவில்லை.

அதற்கப்புறம் அந்த வீட்டில் ஆள் இல்லாத நாளே இல்லை. கங்கையம்மாள் மகளுக்குப் பரிசம் போட்டதும் அந்தப் பந்தலில்தான். தயாளனுக்கு இப்போது வேறு குறை. "பேப்பர் படிக்க ஒரு மூலை உண்டா இந்த வீட்டுல?" என்பார். சொல்லிக்கொண்டே, வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போடுவார்.