அம்மா பேசிய கேசட்

இன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி, "ராஜபாளையம் ரெண்டு குடுங்க" என்று அம்மா கண்டக்டரிடம் கேட்டதும், முன்சீட்டுப் பெண் திரும்பினார்.

"அக்கா, சொட்டு மருந்துக்கு ஆட்டோ மைக்குல பேசுனது நீங்கதான?"

அம்மா வெட்கத்தோடு தலையாட்டினாள்.

தொண்ணூறுகளில் நடந்தது. போலியோ சொட்டு மருந்து பிள்ளைக்கு ஆகாது என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு. ஆட்டோவில் ஓடிய கேசட்டில் யாரோ செய்தி வாசிப்பதுபோல் அழைத்தார்கள், அம்மாவைத் தவிர ஒருவரும் போகவில்லை. பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்த்த அம்மா, சொட்டு மருந்து போட வந்த நர்ஸிடம் டேப்ரிக்கார்டரை வாங்கித் தானே பேசினாள்.

"ஏட்டி, எம்மகளுக்குப் போட்டாச்சு, நல்லாத்தான் இருக்கா. பிள்ளையத் தூக்கிட்டு வாங்கட்டி!"

அந்த மகள் நான்தான். கேசட் தெருத்தெருவாக ஓடியது. மதியத்துக்குள் பெரிய வரிசை.

"அந்தச் சத்தம் கேட்டுத்தான் எம்மவனத் தூக்கிட்டு ஓடுனேன்க்கா. வீட்ல எம்புட்டோ திட்டுனாக. இப்ப மில்லுல சூப்பர்வைசரா இருக்கான்" என்றார் அவர். இறங்கும்வரை அம்மாவின் கையை விடவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அம்மா அனுப்பும் வாய்ஸ் மெசேஜ்களை நாங்கள் யாரும் கேட்பதேயில்லை. இன்று வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டேன். கடைசி மெசேஜ் இது:

"ஏட்டி, செத்த நேரம் அந்தப் போனைக் கீழ வைங்கட்டி!"

அதை உங்களிடம் சொல்லத்தான் போனை எடுத்தேன். நீங்கள் வைத்துவிட்டீர்களா?