இடப்பக்கம் சரிந்த இயந்திரம்

இந்த நாட்டு மக்கள் கண்ணுக்குத் தெரியாத நிலத்தின்மீது எவ்வளவு நம்பிக்கையோடு கால் வைக்கிறார்கள்! கனடாவுக்கு வந்து நான்கு குளிர்காலங்கள் கழிந்தும் எனக்கு இன்னும் பழகாத விநோதம் இது. ஒரு முழத்துக்குப் பனி விழுந்து, படி எது, பாதை எது, பள்ளம் எது என்ற பேதமெல்லாம் அழிந்துபோன காலையில், நான் வேலை செய்யும் முதியோர் குடியிருப்பிலிருந்து ஓர் அம்மையார் நடைதாங்கியைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறார். அந்த வெள்ளைக்குள் காலை இறக்குகிறார். கீழே நிலம் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் இருக்கிறது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்து நிற்கிறேன்.

அந்தப் பனியை அகற்றுவது என் வேலை. சிறிய டிராக்டர் ஒன்றின் முகப்பில் ஸ்னோபுளோவர் பூட்டியிருக்கிறது. அதன் அகன்ற இரும்பு வாய்க்குள் சுழலும் திருகு பனியைக் கவ்வ, மேலேயுள்ள குழாய் அதைத் தூர வீசும். கடந்த தை மாதத்தில் அது கோணலாக வேலை செய்யத் தொடங்கியது. இடப்பக்க விளிம்பு தார்த்தரையை உரசிக் கிறீச்சிட்டது. வலப்பக்கம் நான்கு விரல் உயரத்துக்குப் பனியை விட்டுச் சென்றது. அப்படி விடுபட்டு இறுகிப்போன பனியில் மறுநாள் அந்த அம்மையார் வழுக்கினார்; கதவுப்பிடியைப் பற்றியதால் தப்பினார். மேற்பார்வையாளர் கோர்டன் என்னை அழைத்து, அடுத்த பனிக்கு முன் இதைச் சரிசெய்ய வேண்டும் என்றார். "இடப்பக்கம் சரிகிறது" என்று அவருடைய மொழியில் அவர் சொன்னார். அந்த வாக்கியத்தை நான் அதற்கு முன்பும் கேட்டிருக்கிறேன்.

நான் மேடையில் வளர்ந்தவன். இதைப் பெருமையோடுதான் சொல்கிறேன். யாழ்ப்பாணத்து வடமராட்சியிலும் வலிகாமத்திலும் விவாதப் போட்டி நடந்த மண்டபங்களில், குலுக்கலில் எந்தக் கட்சி விழுந்தாலும் அதை வெல்லும் கட்சியாக மாற்றத் தெரிந்தவன். எதிரணிப் பேச்சாளர் தண்ணீர் குடிப்பதைப் பார்த்தே அவரது அடுத்த வாதத்தை ஊகித்தவன். ஆனால் 'நான் பிழை' என்ற இரண்டே சொல்லை ஒரு மனிதரிடம் சொல்ல முடியாமல் ஏழு வருடமாகச் சுமந்து திரிந்தேன். அந்த மனிதர் மருதனார்மடத்தில் இருக்கிறார். பெயர் சிவபாலன். எனக்கு அண்ணை முறை.

இருபதாண்டுகளுக்கு மேலாக இராணுவத்தின் பிடியிலிருந்த எங்கள் காணி விடுவிக்கப்பட்டபோது, அதை உழுவதற்கு அவர்தான் தன் டிராக்டரோடு வந்தார். உடுவிலில் வாடகை வீட்டில் வாழ்ந்து களைத்த எங்கள் குடும்பமும், தம் காணிகளின் எல்லையைத் தேடி வந்திருந்த அயலவர்களும் வேலியோரம் கூடி நின்றோம். வடக்கெல்லை நெடுக ஒருமுறை ஓட்டிவிட்டு அண்ணை இயந்திரத்தை நிறுத்தி இறங்கினார்.

"இடப்பக்கம் சரியுது. நிலம் உள்வாங்குது போலை கிடக்கு. உந்தக் கரையை விடுவம்" என்றார்.

எனக்கு முன்னால் ஓர் அவை இருந்தது. பேச்சுவழக்கில் சொன்னவருக்கு நான் மேடைத்தமிழில் மறுமொழி சொன்னேன். "நிலம் குற்றவாளியானால் ஓரிடத்தில் சரிய வேண்டும். எல்லை நெடுகச் சரிகிறதே! நீளத்துக்கு உள்வாங்கும் நிலம் உலகில் எங்கே உண்டு? வெடிபொருள் இல்லையென்று சோதித்துக் கையளித்த காணி இது. அண்ணை, குற்றவாளி மண்ணுக்குள் இல்லை. அவனை நீங்கள் கூடவே ஏற்றிக்கொண்டு திரிகிறீர்கள்!" என்று இடப்பக்க டயரைச் சுட்டினேன். அது சற்றுச் சப்பையாகத்தான் இருந்தது. சிரிப்பு எழுந்தது. என் மாமா முதலில் கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள்.

"உவன்ரை வாய்க்கு முன்னாலை ஆர் நிக்கிறது? கொண்டாங்கோ பம்பை" என்றார் அண்ணை.

காற்றடித்தோம். அடுத்த சுற்றில் இயந்திரம் நேராகப் போனது. நான் வேலியோரம் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். அதற்கடுத்த சுற்றில் நிலம் வாயைத் திறந்தது. எல்லை நெடுக ஒரு பதுங்கு அகழி வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி, மண்ணிட்டு மூடியிருந்திருக்கிறார்கள். குற்றிகள் உக்கிப்போயிருந்தன. நீளத்துக்கு உள்வாங்கும் நிலம் எங்கே உண்டு என்ற என் கேள்விக்கு அதுவே விடை. டிராக்டர் இடப்பக்கமாகக் கவிழ்ந்ததில் அண்ணையின் இடக்கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. ஆசுபத்திரியில் எவர் கேட்டபோதும், "நான்தான் கவனியாமல் விட்டிட்டன்" என்றார். நான் கட்டிலருகே நின்றேன். வாழ்வில் முதன்முறையாக எனக்குப் பேச்சு வரவில்லை. சில வருடங்களில் விசா வந்தது. விமானம் ஏறினேன்.

இப்போது கொட்டகைக்குத் திரும்புகிறேன். ஸ்னோபுளோவரின் அடியில் இருபுறமும் ஸ்கிட் ஷூ என்ற இரும்புச் சப்பாத்துகள் உண்டு. அவையே அதன் உயரத்தைத் தீர்மானிப்பவை. சீமெந்துத் தரையில் நிறுத்தி அளந்தேன். இரண்டும் ஒரே உயரத்தில் பூட்டப்பட்டிருந்தன. டிராக்டரோடு இணைக்கும் சட்டம் வளையவில்லை. அதைப் பூட்டும் இரும்பு ஊசிகளும் தேயவில்லை. ஆனாலும் இடப்பக்க விளிம்பு தரையோடு ஒட்டியே கிடந்தது. எஞ்சியது என்னவென்று எனக்குத் தெரியும். அதன் பக்கம் கை போகவில்லை.

டயருக்குப் பதிலாக நான் நிலத்தைச் சோதித்தேன். இரும்புக் கம்பியொன்றை எடுத்துக்கொண்டு வாகனத் தரிப்பிடத்துக்குப் போய், உறைந்த தார்த்தரையை அடிக்கொரு தடவை குத்திக் குத்தி நடந்தேன். கோர்டன் கோப்பிக் குவளையோடு வந்து பார்த்தார். என்னவோ தொலைத்துவிட்டேன் என்று எண்ணி, திறப்பா, பணப்பையா என்று கேட்டார். நிலத்தைப் பார்க்கிறேன் என்றேன். அவரும் குனிந்து தரையைப் பார்த்தார். "போன கிழமை எங்கே இருந்ததோ, அங்கேதான் இருக்கிறது" என்று மிகக் கனிவாகச் சொன்னார். குளிர் என் தலைக்கேறிவிட்டதென்று அவர் அஞ்சியிருக்க வேண்டும். டயரில் காற்றுப் பார்த்தாயா என்று அடுத்ததாகக் கேட்டார்.

அது காற்றாக இருக்க முடியாது என்று தொடங்கினேன். மூன்று காரணங்களை வரிசைப்படுத்தி, குரலை ஏற்றி இறக்கி, ஆங்கிலத்தில் அதுவரை நான் பேசியிராத அளவுக்கு அழகாகப் பேசினேன். கோர்டன் இறுதிவரை கேட்டார். நல்லது என்று தலையாட்டினார். பிறகு சட்டைப்பையிலிருந்து காற்றழுத்தமானியை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

முன் இடப்பக்க டயரின் அடியில் அப்பியிருந்த பனிக்கட்டியைத் தட்டிவிட்டேன். டயர் பிதுங்கிக் கிடந்தது. வலப்பக்கத்தின் பாதியளவு காற்றும் அதில் இல்லை. வால்வு மெல்லக் கசிந்திருக்கிறது. வால்வை மாற்றிக் காற்றடித்தேன். இரும்பு வாய் என் கண்ணெதிரே மெதுவாக நிமிர்ந்து மட்டமாயிற்று. ஒரே தலைப்பில், இரண்டு நாடுகளில், இரண்டு கட்சிக்கும் பேசியிருக்கிறேன். இரண்டிலும் பிழையான பக்கத்தில் நின்றிருக்கிறேன்.

காலை எட்டு மணி. ஊரில் மாலை. நான் இலக்கத்தை அழுத்தினேன்.

"ஆரது... ஓ, பேச்சாளரோ! என்னடாப்பா, கனடாக் குளிருக்குத் தொண்டை கட்டிப்போச்சே? வருசக்கணக்காய்ச் சத்தத்தைக் காணேல்லை."

"அண்ணை, ஒண்டு கதைக்கவேணும்."

"கதை. உனக்குக் கதைக்கச் சொல்லியே தரவேணும்?"

"அண்டைக்கு நீங்கள் நிலமெண்டு சொன்னியள். நான் டயரெண்டு நிண்டன். நான் பிழை, அண்ணை."

பின்னால் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதன் சத்தத்தைக் குறைத்தார்கள்.

"ஓம்" என்றார். "விழேக்கையே எனக்கு அது தெரியும்."

நான் கைபேசியைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டேன்.

"ஏறேக்கையும் தெரியும். காத்தடிச்சாப் போலை மண் இறுகுமே? ஆனால் அத்தினை சனம் கை தட்டினாப் பிறகு, சிவபாலன் பயந்து விட்டிட்டான் எண்டு கதை வராதே? அதுதான் ஏறினனான். உன்ரை பேச்சுக்கு ஏறேல்லை. கைதட்டுக்கு ஏறினனான்."

இது மன்னிப்பா, தீர்ப்பா என்று எனக்கு இன்னமும் பிரித்தறியத் தெரியவில்லை. ஏன் இத்தனை காலத்துக்குப் பிறகு இந்தக் கதை என்று கேட்டார். இயந்திரத்தைப் பற்றிச் சொன்னேன்.

"அப்ப அங்கை என்ன பிழை?"

"டயர்தான் அண்ணை. காத்து."

அவர் சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். "அட கோதாரி! அண்டைக்குப் பேசின பேச்சை நீ அங்கையெல்லோ போய்ப் பேசியிருக்கவேணும்!" பிறகு குரல் தணிந்தது. "காத்தடிச்ச பிறகு ஏறி ஓடிப் பாத்தனியோ?"

"இல்லை அண்ணை. ஏறப் பயமாக் கிடக்கு."

"ஏறு. நான் போனிலை நிக்கிறன்."

கைபேசியின் ஒலிபெருக்கியைத் திறந்து, அதை மேலங்கியின் நெஞ்சுப்பைக்குள் வைத்து ஏறினேன். புதிய பனி பொழியத் தொடங்கியிருந்தது. இரும்பு வாய் பனியைக் கவ்வி வீசியது. எனக்குப் பின்னே தார்த்தரை இருபுறமும் ஒரே கறுப்பாய் வெளிப்பட்டது. நெஞ்சுப்பைக்குள்ளிருந்து, மெதுவாய், மெதுவாய் விடு, என்றொரு குரல் இயந்திர இரைச்சலுக்குள் அமிழ்ந்தும் எழுந்தும் வந்தது. குடியிருப்பின் கண்ணாடிக் கதவைக் கடந்தபோது என் நிழலுருவம் அதில் தெரிந்தது. இயந்திரம் மட்டமாகவே போய்க்கொண்டிருந்தது. அதன்மேல் இருந்தவன் மட்டும், இடப்புறம் எந்தக் கணமும் இறங்கக்கூடிய ஒரு நிலத்துக்குத் தயாராக, உடல் முழுவதையும் வலப்புறம் சாய்த்தபடி ஓட்டிக்கொண்டிருந்தான்.