லூர்து அக்கா கொண்டுவந்த பன்னெண்டு டம்ளர்

லூர்து அக்கா காலையில போயிட்டாங்க. இப்பத்தான் அவங்க மக போன் பண்ணுச்சு.

தொண்ணூத்தி மூணு வயசு. தூக்கத்துலயே... அடக்கம் சாயங்காலம் நாலு மணிக்கு.

மைசூர்ல நர்ஸா இருந்தவங்கன்னு உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும். மீதியை நான்தான் சொல்லணும். எனக்கே எண்பத்தெட்டு ஆகுது, இனிமே தள்ளிப்போட முடியாது.

மகாராஜா காலம், உலக யுத்தம் முடியாத வருஷம். எங்க தெருப் பசங்க ஒரு ஃபுட்பால் கிளப் வெச்சிருந்தோம். நான் கேப்டன். அக்காவோட தம்பி அருள் கோல்கீப்பர், பதினேழு வயசு.

கிளப்புக்கு ஒரே ஒரு பித்தளைச் சொம்பு. ஹாஃப் டைம்ல எல்லாரும் அதுல வாய் வெச்சுத்தான் குடிக்கணும். அண்ணாந்து குடிச்சா டீம்ல இடமில்ல. ரூல் போட்டது நான்.

ஏன்னா... எங்க அப்பா ஊர் கொள்ளேகால் பக்கம். அங்க டீக்கடையில எங்க ஆளுங்களுக்குத் தனி டம்ளர். குடிச்சுட்டு நாமளே கழுவிக் கவுத்து வெச்சுட்டு வரணும். சின்ன வயசுல நானும் கழுவியிருக்கேன். எங்க கிளப்புல எல்லா சாதியும் உண்டு, எல்லாருக்கும் ஒரே சொம்பு. அதுல எனக்கு அவ்வளவு திமிர்.

ஒரு நாள் பிராக்டிஸ் நடக்கும்போது அக்கா கிரவுண்டுக்கு வந்தாங்க. கையில ஒரு பை. உள்ள பன்னெண்டு அலுமினிய டம்ளர், ஒவ்வொண்ணுலயும் ஒருத்தர் பேரு கீறியிருந்துச்சு.

"வார்டுல தொண்டை அடைப்பான் கேஸ் நிறைய வருது சூசை. எச்சில்ல பரவும். கொஞ்ச நாளைக்கு ஆளுக்கு ஒண்ணுல குடிங்கப்பா. தொண்டை வலிச்சா ஆட வராதீங்க."

எனக்கு வந்துச்சே கோபம்... "தனி டம்ளரா? இதுக்கு நாங்க ஊர்லயே இருந்திருப்போமே"ன்னு சொல்லிப் பையை உதைச்சேன்.

"எல்லாருக்கும்தானேடா தனி"ன்னாங்க. அவ்வளவுதான். உருண்டு போனதை ஒவ்வொண்ணா பொறுக்கிக்கிட்டுப் போனாங்க. நான் குனிஞ்சு ஒண்ணைக்கூட எடுத்துக் கொடுக்கல.

அடுத்த ஞாயித்துக்கிழமை மேட்ச். ஓரமா ஓடி ஆடுற எங்க விங்கருக்குத் தொண்டை வலி. எனக்குத் தெரியும். அவன் இல்லாம ஜெயிக்க முடியாதுன்னு இறக்கினேன்.

அவன் பிழைச்சுட்டான். அருளுக்கு அஞ்சாம் நாள் கழுத்து வீங்கிடுச்சு. ஊசி மருந்து எங்க தேடியும் கிடைக்கல... அக்கா டூட்டி பார்த்த வார்டுலயே மூச்சடைச்சுப் போனான்.

அடக்கம் முடிஞ்ச மறுவாரம் அக்கா அதே பையோட மறுபடி வந்தாங்க. ஒவ்வொருத்தன் கையிலயும் கொடுத்தாங்க. எனக்கும். வாங்கிக்கிட்டேன்.

அதுக்கப்புறம் எழுபது வருஷம் ஒரே தெரு. பூசைக்குப் போனா பார்ப்போம். அருள் பேச்சு வந்தா ஒண்ணுதான் சொல்வாங்க, "என் தம்பி என் பேச்சைக் கேட்கலடா சூசை." அவன் சாகக் கிடக்கும்போது அக்கா கேட்டாங்களாம், சொம்புல குடிச்சியான்னு. ஆமா, நானாத்தான் குடிச்சேன்னு சொன்னானாம்.

அதைச் சொல்லும்போது அக்கா முகத்துல துக்கத்தைவிட கோபம்தான் அதிகமா இருக்கும். நான் தலையைக் குனிஞ்சுக்குவேன். கோழை.

நடந்தது இதுதான்.

அன்னைக்கு ஹாஃப் டைம்ல அருள் துண்டுல சுத்தி வீட்டுலேர்ந்து ஒரு டம்ளர் கொண்டு வந்திருந்தான். விங்கர் குடிச்ச சொம்பை வாங்கி அவன்கிட்ட நீட்டினேன். "பேடா அண்ணா, வேணாம், அக்கா கூடாதுன்னு சொல்லியிருக்கா"ன்னான்.

டம்ளரைப் பிடுங்கி வேலிக்கு அந்தப் பக்கம் வீசினேன். "எங்க எச்சில் உனக்கு ஆகாதாடா?"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டேன். அவன் முகம் செத்துப் போச்சு. சொம்பை வாங்கிக் குடிச்சான்.

யாரும் எனக்கு ஆறுதல் எழுதாதீங்க. வேணாம்.

அருள் உங்க பேச்சைக் கேட்டான் அக்கா. நான்தான் கேட்க விடல... அங்க போய் அவனைத் திட்டாதீங்க.