கொடி மாறிய கப்பல்

1976 மாசி மாதத்தில் ஒரு காலை, மணப்பாட்டு மீனவப் பெண் ரோஸ் தூத்துக்குடித் துறைமுக அலுவலகத்துக்குள் நுழைந்து, தட்டச்சர் இன்பமணியின் மேசைமேல் ஒரு வலைத்துண்டை வைத்தாள். நைலான் நூலே தெரியாதபடி கறுப்பு எண்ணெய் அப்பியிருந்தது.

"எங்க வீட்டு ஆளு வலை. மண்ணெண்ணெய ஊத்திக் கழுவியும் போவல. அந்தா நிக்கிற கப்பல்தான் கடல்ல கழிவெண்ணெய ஊத்திட்டு வந்திருக்கு. வள்ளத்துல இருந்த நாலு பேரும் பாத்திருக்காவ. கப்பல் பேரையும் குறிச்சுட்டு வந்திருக்காவ."

இன்பமணி நாசரேத்தில் ஓர் ஆசிரியருக்கு மகளாகப் பிறந்தவள். ஆறு வருடமாக இந்த மேசையில் பிறர் எழுதிக் கொடுப்பதைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவளைத் தேடி ஒருவர் குறையோடு வந்தது அதுதான் முதல் தடவை. எழுந்து, ரோஸைக் கப்பல் ஆய்வாளர் ஜெபசிங்கிடம் அழைத்துப் போனாள்.

ஜெபசிங் அன்றே 'மெரிதானா' என்ற அந்த வெளிநாட்டுக் கப்பலில் ஏறிப் பார்த்தார். எண்ணெய்ப் பதிவேட்டில் அந்தத் தேதிக்கு எதையும் கடலில் விடவில்லை என்று எழுதியிருந்தது. கப்பலின் தொட்டியிலிருந்து எடுத்த எண்ணெயோ வலையில் இருந்ததைப் போலவே இருந்தது.

"ஆனா நம்ம எல்லைக்கு வெளியே நடந்திருக்கு. நாம கேஸ் போட முடியாது," என்றார். "எந்த நாட்டுக் கொடி பறக்குதோ, அந்த நாடுதான் தண்டிக்கணும். நாம டெல்லிக்கு எழுதுவோம், டெல்லி அவங்களுக்கு எழுதும்."

"தண்டிப்பாங்களா சார்?"

"கடல்ல எண்ணெய் விடக்கூடாதுங்கிற ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டிருக்காங்களேம்மா."

மூன்றாம் நாள் கப்பல் போய்விட்டது. டெல்லிக்குப் போகும் புகாரைக் கார்பன் வைத்து நான்கு பிரதிகள் அடித்த இன்பமணி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அகராதியோடு உட்கார்ந்து அந்த ஒப்பந்தத்தின் நகலைப் படித்தாள். இத்தனை நாடுகள் சேர்ந்து கடலைக் காப்பதாகச் சொல்லியிருந்தன. அவள் நம்பினாள்.

ரோஸ் மாதந்தோறும் வந்தாள்.

"பதில் வந்துட்டா?"

"வரும் ரோஸக்கா. நிச்சயமா வரும்."

முதல் நினைவூட்டல் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. பரிசீலனையில் இருப்பதாக ஒரே ஒரு வரி வந்தது. வலை இல்லாமல் ரோஸின் கணவன் சந்தியாகு கொஞ்ச நாள் பிறர் வள்ளத்தில் போனான். பிறகு ஆறுமுகநேரி உப்பளத்தில் கூலிக்குச் சேர்ந்தான். உப்புநீரில் நின்று அவன் கால் இரண்டும் வெடித்துப் புண்ணாகிவிட்டதாக ரோஸ் ஒரு தடவை சொன்னாள்.

பதினான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. கப்பல் விற்கப்பட்டுவிட்டது, எங்கள் பதிவிலிருந்து நீக்கிவிட்டோம், இனி எங்களுக்கு அதிகாரமில்லை.

இன்பமணி கடிதத்தோடு ஜெபசிங்கிடம் ஓடினாள். "இப்போ எந்த நாட்டுக் கொடியோ, அங்க எழுதலாமா சார்?"

"அந்த நாடு கையெழுத்தே போடல."

"அப்போ யார்ட்ட சார் கேக்கது?"

அவர் பேனாவை எடுத்தார். மேல் நடவடிக்கை தேவையில்லை என்று கோப்பில் எழுதி, தட்டச்சுக்கு நீட்டினார்.

அடுத்த வாரமே அந்தக் கப்பல் துறைமுகத்துக்குத் திரும்பி வந்தது. இப்போது பெயர் 'கல்லிஸ்தா'. புதுச் சாயத்துக்கு அடியில் பழைய பெயரின் இரும்பு எழுத்துகள் புடைத்துக்கொண்டு நின்றன. கரையில் நின்றே படிக்க முடிந்தது.

அன்று ரோஸ் வந்தபோது இன்பமணி எதையும் மறைக்கவில்லை.

"கப்பல் இங்கனதானம்மா நிக்கி?" என்றாள் ரோஸ். "கயித்தால கட்டிப் போட்டிருக்காவ. ஒருத்தரும் கேக்க முடியாதா?"

"முடியாதுக்கா."

"கையெழுத்துப் போட்ட நாடெல்லாம் என்னதான் செய்யுது?"

"ஒண்ணுக்கொண்ணு கடுதாசி எழுதிக்கிடுது."

ரோஸ் அவளையே பார்த்தாள். "நீங்களும் வரும் வரும்னு சொன்னிய," என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால்கூட இன்பமணியால் தாங்கியிருக்க முடியும். மீன்கூடையை இடுப்பில் எடுத்து வைத்துக்கொண்டு ரோஸ் படியிறங்கினாள். அதன்பின் அவள் வரவேயில்லை.

பிற்பகலில் ஒரு தாள் தட்டச்சுக்கு வந்தது. இன்னும் இரண்டு நாள் துறைமுகத்தில் நிற்க கல்லிஸ்தாவுக்கு அனுமதி. இன்பமணி விரல்களை எழுத்துகள்மேல் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"இன்பமணி, மூணு காப்பி. ஏஜெண்ட் காத்துக்கிட்டிருக்கார்," என்று உள்ளேயிருந்து ஜெபசிங் குரல் கொடுத்தார்.

அடித்தாள். ஒரு பிழைகூட இல்லை. கப்பல் ஏஜெண்ட் தாளை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார்.