ஊறப்போட்ட ஓட்ஸும் ஆறிப்போன அடுப்பும்

கொடைக்கானல் குளிரில், கட்டிய புருஷனுக்குச் சில்லென்ற காலைச் சாப்பாடு கொடுத்தனுப்பிய ஒரே மனுஷி நானாகத்தான் இருப்பேன். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. பல் கிட்டிக்கொள்ளும் மார்கழியில், ராத்திரி முழுக்கப் பாலில் ஊறிய ஓட்ஸைப் பாட்டிலில் அடைத்து அவருக்காக எடுத்துவைத்தேன். அது வெயில் ஊர்க்காரர்களின் சாப்பாடு. வீடியோவில் அதைச் செய்துகாட்டிய பெண் கையில்லாத சட்டை போட்டிருந்தாள், அவள் பின்னால் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

வீட்டுக்காரருக்குப் பஜாரில் மளிகைக் கடை. ரத்தத்தில் கொழுப்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொன்னதும் பரோட்டாவும் பாயாவும் எங்கள் வீட்டை விட்டுப் போயின. அந்த இடத்துக்கு ஓட்ஸ் வந்தது. முதலில் சூடாகத்தான் செய்தேன். பக்கத்துக் கவுஞ்சி கிராமத்திலிருந்து கடைக்கு வரும் மலைப்பூண்டில் நல்ல பற்களாகப் பொறுக்கி, இஞ்சியோடு நசுக்கி, ஒரு சொட்டு நெய்யில் வதக்குவேன். சிட்டிகை வெந்தயமும் நாலு மிளகும் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கொதித்ததும் ஓட்ஸைத் தூவுவேன். இறக்கும்போது கொஞ்சம் தேங்காய்ப்பால், பிய்த்துப் போட்ட புதினா. நோன்புக் கஞ்சிக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும். ஓட்ஸைப் போட்ட பிறகு கரண்டியைக் கையிலிருந்து விட முடியாது, விட்டால் அடிப்பிடித்துவிடும்.

அவர் பள்ளிவாசலில் விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டு வரும் நேரம் அது. மங்கி குல்லாவுக்குள் மூக்கு நுனி மட்டும் சிவந்து தெரியும். செருப்பை விட்டதும் நேரே அடுப்படிக்கு வந்து, அரிசி டிரம்மின் மேல் உட்கார்ந்து, அடுப்பின் பக்கம் கையை நீட்டிக்கொள்வார். கேஸ் அடுப்புதான், ஆனாலும் அந்தச் சின்ன அடுப்படியைச் சூடாக்க அது போதும். வீட்டில் வேறெங்கும் அந்நேரம் அப்படி உட்கார முடியாது. கை சூடேறச் சூடேற அவருக்கு வாய் திறக்கும்.

என் வீட்டுக்காரர் பேசாத மனிதர் என்றுதான் ஊருக்குத் தெரியும். கடையில் விலையைத் தவிர எதுவும் பேசமாட்டார். ராத்திரி வீட்டுக்கு வந்தால் கேட்டதற்கெல்லாம் 'ம்' மட்டும்தான். ஆனால் நான் கஞ்சி கிண்டும் நேரத்தில் அவர் வேறு ஆள். மலைப்பாதை வளைவில் காட்டுமாடு நின்றதால் லாரி தாமதமானது, எதிர்க் கடைக்காரர் முகம் கொடுத்துப் பேசாதது, தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன் என்ற பயம், எல்லாம் அந்த டிரம்மின் மேலிருந்துதான் வரும். எங்கள் மகளுக்கு முதலில் வந்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று முடிவு செய்ததும் அங்கேதான். "பையன் கண்ணைப் பாத்துப் பேச மாட்டேங்கிறான், எனக்குப் புடிக்கல" என்றார். "எனக்கும்தான்" என்றேன் கரண்டியைச் சுழற்றிக்கொண்டே. அதோடு அந்தச் சம்பந்தம் முடிந்தது. எங்கள் வீட்டில் எது நடந்திருந்தாலும் அது அந்தக் கஞ்சி வேகும் நேரத்துக்குள் இருவரும் பேசி நடந்ததுதான்.

மகளை மதுரையில் கட்டிக்கொடுத்த பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட, ஒரு பள்ளிக்கூட விடுதியின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். காலையில் பிள்ளைகள் சாப்பிட வருமுன் நான் அங்கே இருக்க வேண்டும். சமையல், துணி, ஓட்டம் என்று ஒரு வருஷத்தில் துவண்டுபோனேன். மகள் போனில் சத்தம் போட்டாள்.

"ஏம்மா இப்படி வெள்ளனே எந்திரிச்சு சாகுற? ராத்திரியே ஓட்ஸ ஊறப்போட்டு வச்சிரு. காலையில ஒரு சோலியும் கெடையாது. அத்தா எடுத்துச் சாப்பிட்டுக்கிருவாங்க."

அவள்தான் அந்த வீடியோவை அனுப்பினாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். பெற்றவள் நன்றாகத் தூங்க வேண்டும் என்று நினைத்தது ஒரு குற்றமா?

நான் எதில் இறங்கினாலும் தலைகுப்புற இறங்குகிறவள். சீக்கிரம் வேகும் தூள் ஓட்ஸ் விடிவதற்குள் பசையாகிவிடும், தட்டையாக நசுக்கிய முழு ஓட்ஸ்தான் ஊறினாலும் பல்லுக்குக் கொஞ்சம் மிச்சம் வைக்கும் என்று கண்டுபிடித்தேன். ஓட்ஸ் ஒரு பங்கு, காய்ச்சி ஆறிய பால் ஒரு பங்கு, தயிர் அதில் பாதி. தயிர் எங்கள் ஊரில் லேசில் உறையாது. பாத்திரத்தைக் கம்பளித் துணியில் சுற்றி அரிசி டிரம்முக்குள் இறக்கி வைப்பேன். ஒரு கரண்டி சியா விதை, ஒரு கல் உப்பு. உப்பு போடாவிட்டால் எந்த இனிப்பும் எடுபடாது. குளிர்சாதனப் பெட்டி தேவையே இல்லை, எங்கள் வீடே பெட்டிதான். பழைய ஜாம் பாட்டிலில் ஊற்றி, குரங்குக்குப் பயந்து ஜன்னலுக்கு உட்புறம் வைத்துவிடுவேன்.

அப்புறம் ருசி. தாண்டிக்குடிப் பக்கத்து மலைவாழை தோல் கறுத்துச் சுருங்கினால்தான் தேன். அதை மசித்து ஏலக்காயோடு கலந்தால் சர்க்கரை வேண்டாம். பிளம்ஸ் வரும் காலத்தில் அதைக் கருப்பட்டியோடு சுருள வேகவைத்து அடியில் போடுவேன், விடிந்தால் பாட்டில் முழுக்கச் சிவப்பு ஏறியிருக்கும். பேரிக்காயைத் துருவிப் போட்டுக் கறுத்துப்போய் ஏமாந்தேன், பிறகு எலுமிச்சைச் சாறு பிழிந்து சரிசெய்தேன். பேஷன் ப்ரூட்டை விதையோடு வழித்துப் போட்டேன். காப்பி டிகாஷன் ஊற்றிக்கூடப் பார்த்தேன். விடுதியில் எல்லாரும் செய்முறை கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எல்லாவற்றையும்விட, தூக்கம் கிடைத்தது. கம்பளிக்குள் சுருண்டபடி, அவர் பள்ளிவாசலிலிருந்து திரும்பும் செருப்புச் சத்தத்தை அரைத் தூக்கத்தில் கேட்பேன். கொஞ்ச நேரத்தில் வாசல் கதவு சாத்தும் சத்தம். பாட்டிலோடு போய்விட்டார் என்று திரும்பிப் படுப்பேன். சாயங்காலம் பாட்டில் கழுவித் துடைத்தபடி வீடு வரும்.

"எப்படி இருந்துச்சு?" என்பேன்.

"நல்லா இருந்துச்சு" என்பார்.

எனக்கு அது போதுமாக இருந்தது. பாட்டில் காலியாக வருகிறது, டாக்டரும் கொழுப்பு குறைந்திருக்கிறது என்கிறார், வேறென்ன வேண்டும்? இப்படியே இரண்டு குளிர்காலம் போனது. அந்த இரண்டு குளிர்காலத்திலும் அவர் டிரம்மின் மேல் உட்காரவே இல்லை என்பது எனக்குத் தோன்றவில்லை. காலையில் எங்கள் அடுப்படியில் தீயே இல்லையே, அங்கே யார் உட்காருவார்கள்?

ஒரு விடுமுறை நாளில் அவர் பாட்டிலை மறந்துவிட்டுப் போய்விட்டார். எனக்கும் வேலை இல்லை. எடுத்துக்கொண்டு பஜாருக்கு நடந்தேன். கடை ஷட்டர் பாதி திறந்து கிடந்தது, ஆளைக் காணோம். பக்கத்து டீக்கடைக்காரர் என் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்ததும் முகம் மலர்ந்து கையை நீட்டினார்.

"குடுங்கம்மா. பாய் வத்தலக்குண்டு லாரிக்காரர்கிட்டப் பேசிக்கிட்டு இருக்காரு, இப்ப வந்துருவாரு."

நான் கொடுத்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அடியெல்லாம் கறுத்த ஒரு சின்னச் சட்டியை எடுத்து, என் பேஷன் ப்ரூட் ஓட்ஸை அதில் கவிழ்த்து, வெந்நீர் ஊற்றி அடுப்பில் வைத்து, இரண்டு மிளகை நசுக்கிப் போட்டார். பழக்கப்பட்ட கை. எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

"என்ன பண்றீங்க?"

"தெனமும் பண்றதுதானேம்மா? சில்லுன்னு எறங்காதுன்னு பாய் சொல்வாரு. சூடு பண்ணிக் குடிச்சுக்கிட்டு, இந்தா இங்கனதான் அடுப்புக்கிட்ட நிப்பாரு. பேச ஆரம்பிச்சாருன்னா எனக்கு யாவாரமே ஓடாது, போங்க."

பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார் என்று என் வீட்டுக்காரரைப் பற்றி இன்னொருவர் எனக்குச் சொல்கிறார். நான் அந்த அடுப்பைப் பார்த்தேன். அதன் பக்கத்தில் ஒரு பலகை கிடந்தது, ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு.

அவர் சட்டியைக் கிண்டிக்கொண்டே, தெரிந்த விஷயத்தைப் பேசுகிற மாதிரிப் பேசினார். "கீழ வத்தலக்குண்டுல வீடு அமைஞ்சிருச்சாமே, நல்லதும்மா. முழங்கால் வலிக்கு அந்தச் சூடு ஒத்துக்கிரும். கடையப் பாயோட தம்பி பாத்துக்கிருவாரு. ஒங்களுக்குத்தான் மலைய விட்டு வர மனசு வராதேன்னு பாய் ரொம்ப வெசனப்பட்டாரு."

எனக்கு ஒன்றும் தெரியாது என்று அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. "ஆமா" என்றேன். முழங்கால் வலி என்பதே எனக்குப் புதுச் செய்தி. படியில் ஒவ்வொரு காலாக வைத்து அவர் இறங்கிப் போனதெல்லாம் நான் தூங்கும் நேரத்தில் நடந்திருக்கிறது. தூரத்தில் அவர் வருவது தெரிந்ததும், நிற்காமல் வேறு வழியாக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சாயங்காலம் கழுவிய பாட்டிலோடு வந்தார். நான் வந்துபோனதை டீக்கடைக்காரர் சொல்லியிருப்பார்போல, என் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்கிட்ட ஏங்க சொல்லல?" என்றேன்.

"சொல்லணும்னுதான் இருந்தேன். தொழுதுட்டு வந்து அடுப்படியில நிப்பேன். நீ அசந்து தூங்கிக்கிட்டு இருப்ப. நாளெல்லாம் ஓடுறவ, எழுப்ப மனசு வராது. பாட்டில எடுத்துக்கிட்டுக் கெளம்பிருவேன்."

"ராத்திரி சொல்லியிருக்கலாம்ல?"

"ராத்திரி எனக்குப் பேச்சு வருமா? ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். என்னைவிட நன்றாக அது யாருக்குத் தெரியும்? தம்பியிடம் கடைக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது, கீழே வீட்டுக்கு முன்பணமும் கொடுத்தாகிவிட்டது.

கேட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன். இதை யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் அதுதான் நிஜம். அவர் கால்வலியைவிட எனக்கு மலை பெரிதா? கொஞ்சம் முகத்தைத் தூக்கிவைத்திருப்பேன். இன்னும் ஒரே ஒரு பிளம்ஸ் காலம் இருந்துவிட்டுப் போவோம் என்று பேரம் பேசியிருப்பேன், அவரும் சரி என்றிருப்பார். மலையை விட்டு வந்தது எனக்கு வருத்தம்தான். ஆனால் எங்கள் வாழ்க்கையின் பெரிய முடிவு ஒன்று வேறொருவர் அடுப்பின் முன் நடந்து முடிந்ததும், அதில் நான் ஒரு கரண்டிகூடக் கிண்டாததும்தான் ஆறவில்லை.

வத்தலக்குண்டுக்கு வந்து ஒரு வருஷமாகிறது. அவர் முழங்கால் தேறிவிட்டது, படி ஏறி இறங்குகிறார். இங்கே தயிர் மதியத்துக்குள் உறைந்து சாயங்காலத்துக்குள் புளித்துவிடுகிறது. மலைவாழை பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே கிடைக்கிறது. ஊறப்போட்ட ஓட்ஸைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தால், கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "இப்பத்தான் இது வாய்க்கு வெளங்குது" என்கிறார். அங்கே ஒருநாளும் சொல்லாத வார்த்தை. கேட்டால் சந்தோஷப்பட வேண்டியதுதான்.

எனக்கு இப்போது வேலை இல்லை. தூங்கலாம், தூக்கம்தான் வருவதில்லை. போன வாரம் ஒருநாள் வெள்ளனே எழுந்து பூண்டை நசுக்கினேன். இஞ்சி, வெந்தயம், மிளகு, ஒன்றும் விடவில்லை. அரிசி டிரம்மை அடுப்புக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன். தண்ணீர் கொதித்து ஓட்ஸைத் தூவிக் கிண்ட ஆரம்பித்தபோது அவர் பள்ளிவாசலிலிருந்து வந்தார். நெற்றியில் வேர்வை. அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னம்மா இது, இந்த வேக்காட்டுல அடுப்பப் பத்த வச்சுக்கிட்டு? ஊறப்போட்டது இல்லையா?"

"இன்னைக்கு ஒருநாள் இதைக் குடிங்க. உக்காருங்க."

டிரம்மைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்திருக்கும். உள்ளே வந்து உட்காரவும் செய்தார். ஆனால் அனல் தாங்கவில்லை. தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார், விசிறிக்கொண்டார், கொஞ்ச நேரத்தில் எழுந்துவிட்டார். "வெரசா எறக்கு. நான் வாசல்ல காத்தாட நிக்கிறேன்" என்று போனார்.

நான் கரண்டியை விட முடியாது. கிண்டிக்கொண்டே இருந்தேன். வாசலில் அவர் குரல் கேட்டது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். இல்லை, போனில் பேசிக்கொண்டிருந்தார். தினமும் இந்த நேரத்துக்கு அவர் வாசலில் நடப்பது எதற்கு என்று அன்றுதான் தெரிந்தது. மூச்சு விடாமல், சிரித்துக்கொண்டு, ஒன்றை முடிக்குமுன் இன்னொன்றைத் தொடங்கி, எனக்கு நன்றாகத் தெரிந்த அந்தப் பேச்சு. மேலே பனி இறங்கிவிட்டதா, லாரி வந்துவிட்டதா, அடுப்புக்கிட்ட இப்ப யாரு நிக்கிறா என்று டீக்கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.